முதலில் யாரிடம் சொல்வது? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உள்ள வழிகளை எடைபோட்டுப் பார்த்தேன்

மாங்காய் சீசன் முடிவதற்குள் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் பாலக்கோடு பக்கத்து அக்கா ஒருவர். "தம்பி ப்ளஸ் ஒன் படிக்கிறான். அவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் இல்லையாம், பையன் மேலதான் வருதாம். என்கிட்ட மட்டும் சொன்னான். சரியா சாப்பிட மாட்டேங்கறான், தூங்க மாட்டேங்கறான். யார்கிட்ட கூட்டிட்டுப் போறது?" அடுத்து, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர். வகுப்பில் இரண்டு மாணவிகளைச் சேர்த்துவைத்துப் பேச்சு கிளம்பி, ஒருத்தி பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். மூன்றாவது ஆள் 17 வயதுப் பையன். அவன் கேள்வி ஒரே வரி: "பெங்களூருக்குப் போயிடட்டுமா?"

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, மூவர் முன்னாலும் இருப்பது ஒரே வழிகள்தான் என்று தெரிந்தது. மாறுவது அவரவர் நிலைமைதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே முடித்துவிடலாம். ஆணுக்கு ஆண் மேலோ பெண்ணுக்குப் பெண் மேலோ ஈர்ப்பு வருவதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். அது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர்களின் சங்கமும் 2018-ல் அதையே சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் மருத்துவர் எதற்கு? முள் தைத்தால் முள்ளுக்குத்தான் வைத்தியம், காலுக்கு இல்லை. பள்ளியில் "ஒம்போது" என்று கூப்பிடுவது, வீட்டில் ஒவ்வொரு வார்த்தையையும் அளந்து பேச வேண்டியிருப்பது, தன்னைப் போல் ஊரில் இன்னொருவரும் இல்லை என்ற நினைப்பு, இவைதான் அந்த முள். தூக்கம் கெடுவதும் மனம் சோர்வதும் உயிரை வெறுப்பதும் இதனால் வருகிறது. வைத்தியம் அதற்குத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

நல்ல டாக்டர் யார், நல்ல ஆலோசகர் யார் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெரிய நகரத்தில் அது சரியான கேள்வி. நம் பக்கத்தில் அதற்கு முன்னால் நான்கு கேள்விகள் நிற்கின்றன.

யார் காதுக்குப் போகும்? ஓ.பி. சீட்டு போடுகிறவர் அடுத்த ஊர்க்காரர். மெடிக்கல் ஷாப்காரருக்கு அப்பாவைத் தெரியும். கண்டக்டர் மாமாவின் கூட்டாளி.

என்ன செலவு? காசை மட்டும் சொல்லவில்லை. "எங்க போற?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். பெண் பிள்ளைக்கு அந்தப் பதில் கிடைப்பது இன்னும் கஷ்டம்.

வயது 18-க்குக் கீழா, மேலா? சட்டத்தில் பாதி இந்த இடத்தில் மாறிவிடுகிறது.

எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைக்க முடியுமா? பிடிக்கவில்லை என்றால் போனை வைத்துவிடலாம். அப்பாவிடம் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. என் கணக்கில் நான்கிலும் கனமான கேள்வி இதுதான்.

அவசரமாகப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஒரு அட்டவணை. அதில் அடங்காத விஷயங்கள் கீழே.

| வழி | யாருக்குத் தெரியவரும் | செலவு | பின்வாங்கலாமா | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| போன் (14416) | போனைப் பார்க்கிறவர்களுக்கு | இல்லை | உடனே | முதல் தடவை வாய்விட்டுப் பேச |
| பள்ளியில் ஒரு ஆசிரியர் | ஆளைப் பொறுத்தது | இல்லை | கடினம் | கேலி, படிப்பு நிற்கும் நிலை |
| ஜி.எச். மனநலப் பிரிவு | வரிசையில் நிற்பவர்களுக்கு | ஒரு நாள் | ஓரளவு | தூக்கம், சாப்பாடு, உயிர் பயம் |
| தனியார், நிமான்ஸ் (பெங்களூரு மனநல மருத்துவமனை) | குறைவு | காசும் நாளும் | ஓரளவு | துணைக்குப் பெரியவர் இருந்தால் |
| சமூகக் குழுக்கள் | மிகக் குறைவு | இணையம், பிறகு பயணம் | ஆம் | தனிமை, பெற்றோருக்கு விளக்க |
| வீட்டில் சொல்வது | எல்லோருக்கும் | அளவிட முடியாது | முடியாது | காலூன்ற இடம் இருந்தால் |
| ஊரை விட்டுப் போவது | எல்லோருக்கும் | மிக அதிகம் | கடினம் | 18 முடிந்து, கையில் வழி இருந்தால் |

## போன்

14416 என்பது டெலி மானஸ், மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடப்பதும் இதே எண்தான். பெயரை மாற்றிச் சொன்னால் யாரும் ஆதார் கேட்கப் போவதில்லை. உயிரை விடும் எண்ணம் வந்தவர்களுக்குச் சென்னையின் சினேகா அமைப்பும் இருக்கிறது (044-24640050). 1986-லிருந்து அதே வேலையாக இருப்பவர்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு போன்தான். நம் வீடுகளில் போன் ஒருவருடையது இல்லை. அப்பாவின் போனில் பேசினால் எண் பட்டியலில் நிற்கும், அதை அழித்துவிடலாம். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் பேச்சு தானாகவே பதிவாகும்படி வைத்திருப்பார்கள். அழைக்கும் முன் போனின் செட்டிங்ஸுக்குள் போய் அதைப் பார்த்துவிடுங்கள். பேசி முடித்ததும் "எனக்குத் திரும்பக் கூப்பிட வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நலம் விசாரிக்க அவர்கள் கூப்பிடலாம், அந்த நேரத்தில் எடுப்பது அம்மாவாக இருக்கலாம். பெட்டமுகிலாளம், சித்தேரி மாதிரி மலை ஊர்களில் சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். சமவெளிப் பிள்ளைகளுக்குத் தோதான இடம் பம்புசெட்டு ரூம். மோட்டார் ஓடும்போது வெளியே எதுவும் கேட்காது. இது என் தம்பி கண்டுபிடித்தது.

எடுக்கிறவர் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும், போயிடும்" என்று ஒருவர் சொல்லக்கூடும். வைத்துவிடுங்கள். மறுநாள் வேறு நேரத்தில் போடுங்கள், வேறு ஆள் எடுப்பார். வேறு எந்த வழியிலும் இந்த வசதி இல்லை.

1098 வேறு வகை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான எண் அது. மனம்விட்டுப் பேச அதைப் போடாதீர்கள். அடிக்கிறார்கள், அடைத்து வைக்கிறார்கள், கல்யாணம் நிச்சயிக்கிறார்கள் என்றால் போடுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கே ஆள் வரும், குழந்தைகள் நலக் குழு முன்பாக நிற்க வேண்டி வரலாம். ஊர் பார்க்கும். அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டிய நேரமும் உண்டு.

## பள்ளியில் ஒரு ஆசிரியர்

நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்துவிட்டால் போனும் ஜி.எச்.சும் தர முடியாத ஒன்றைத் தருவார்: தினமும் கண் முன்னால் இருப்பார். கேலியை அங்கேயே நிறுத்துவார். கழிப்பறைப் பக்கம் நடக்கும் தொல்லையைக் கவனிப்பார். இரண்டு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்பார். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில், தன்பாலீர்ப்பாளர்கள் தொடர்ந்த வழக்கில் தந்த உத்தரவு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த வழக்கை விசாரிக்கும்போது, தனக்கே இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு ஆலோசகர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் அவர். நீதிபதியே போய்க் கற்றுக்கொண்டார் என்றால் தலைமையாசிரியர் கற்றுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசிதழில் சொற்பட்டியல் ஒன்றும் வந்தது. திட்டும் சொற்களை விட்டுவிட்டு மதிப்பாகக் குறிப்பிட நமக்குச் சொல் கிடைத்தது அப்போதுதான். பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் போன்றோர்) என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் இன்று எழுதுகிறதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வழியின் ஆபத்து ஆசிரியர் அறை. நல்லெண்ணத்திலேயே ஒருவர் இன்னொருவரிடம் சொல்வார், அவர் பெற்றோரை வரச் சொல்வார். சாயங்காலம் பெல்ட் கழலும். அதனால் சொல்வதற்கு முன் ஆளைச் சோதித்துப் பாருங்கள். சேலத்தைச் சேர்ந்த திருநங்கை பிரித்திகா யாஷினி 2017-ல் காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். அந்தச் செய்தியை வகுப்பில் பேச்சுவாக்கில் எடுத்துவிட்டு, ஆசிரியர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் போதும். சிரித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் சம்பந்தப்பட்ட பாலியல் செயல் பற்றித் தெரியவந்தால் ஆசிரியரோ மருத்துவரோ ஆலோசகரோ காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இருவரும் 17 வயது, இருவருக்கும் விருப்பம் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. மனதில் இருப்பதைச் சொல்வதற்கும் நடந்ததைச் சொல்வதற்கும் இந்த வித்தியாசம் உண்டு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். ஆனால் யாராவது வற்புறுத்தியிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ இந்தத் தயக்கமே வேண்டாம். அந்தச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. பையன்களுக்கும் அது பொருந்தும்.

## ஜி.எச்.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மனநலப் பிரிவில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து போகிறது. அரூரோ தேன்கனிக்கோட்டையோ, உங்கள் பக்கம் எந்தக் கிழமை என்று போனில் கேட்டுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

போக்குவரத்தில் ஒரு வேடிக்கை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, திருநங்கைகளுக்கும் இல்லை. அதனால் டவுன் பஸ் ஓடும் தூரமாக இருந்தால் அக்காவுக்கு ஜி.எச். போய்வரச் செலவே கிடையாது. தம்பிக்குத்தான் வீட்டில் காசு கேட்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் "எங்க போற?" என்ற கேள்வி தம்பியைவிட அக்காவைத்தான் அதிகம் துரத்தும். இருவரும் சேர்ந்து போவதுதான் தோது: காரணம் அக்காவுடையது, ஓ.பி. சீட்டு தம்பியுடையது.

சீட்டு போடும் இடத்தில் தன்பாலீர்ப்பு என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "தூக்கம் வரல, படிப்பு ஓடல" என்பது உண்மைதான், அதைச் சொல்லுங்கள். உள்ளே போனதும் "நான் டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று கேளுங்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் பாகுபாடாக நடத்தக் கூடாது என்கிறது. நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் 18-க்குக் கீழ் என்றால் சட்டத்தின் பார்வையில் உங்களுக்காக முடிவெடுப்பவர் பெற்றோர். மருந்து, சிகிச்சை என்று போகும்போது அவர்களைக் கூட்டிவரச் சொல்வார்கள். இந்த வழியில் கால் இடறும் இடம் அதுதான். எதைப் பெற்றோரிடம் சொல்வது, எதைச் சொல்ல வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எழுத, அது எதனால் வந்தது என்பது முழுவதும் அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அதே வளாகத்தில் 'நம்பிக்கை மையம்' என்று ஒரு பலகை இருக்கும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கான இடம். பாலுறவு பற்றிய பேச்சைப் புருவம் உயர்த்தாமல் கேட்கப் பழகிய ஆட்கள் அங்கே இருப்பார்கள். தொற்று வந்திருக்குமோ என்று பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். தடுப்பு மருந்து அதற்குள் தொடங்கினால்தான் பயன்.

## தனியார் டாக்டரும் நிமான்ஸும்

இந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும். நான் தப்பு செய்தது இங்கேதான்.

2016-ல் என் தம்பிக்கு 17 வயது. என்னிடம் சொன்னான். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நல்ல டாக்டரிடம் காட்டினால் தெளிவு வரும் என்று நினைத்தேன். அம்மாவிடம் கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டு, வெளியூரில் பேர்பெற்ற ஒருவரிடம் கூட்டிப்போனேன். சீட்டுக்கு ஐநூறு ரூபாய். இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், தம்பியைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி: "எப்பலேருந்து இந்தப் பழக்கம்?" அவன் பதில் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்து, "மூணு மாசம் மாத்திரை சாப்பிடட்டும். படிப்பு முடிஞ்சதும் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்க, சரியாப் போயிடும்" என்றார். நான் தலையாட்டினேன். அதுதான் இன்று வரை உறுத்துகிறது.

திரும்பி வரும்போது அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன, பஸ் அரை மணி நேரம் நின்றது. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஊர் வந்ததும் அதை என் பையில் போட்டுவிட்டு இறங்கினான். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

அந்தக் காலம் இப்போது இல்லை. தன்பாலீர்ப்பை "மாற்றிக் காட்டுகிறேன்" என்று வைத்தியம் செய்வதை, மேலே சொன்ன 2021 உயர் நீதிமன்ற உத்தரவு தடை செய்தது. அப்படிச் செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. ஊசி, மாத்திரை, ஷாக் எதுவானாலும் சரி, மாற்றுகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

ஆனால் புகார் பிறகு. முதலில் அப்படிப்பட்ட அறைக்குள் பிள்ளையை உட்கார வைக்காமல் இருக்க வேண்டும். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: நேரம் வாங்குவதற்கு முன் பெரியவர் ஒருவர் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முன் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாரா? இதை மாற்ற முடியும் என்று நினைக்கிறாரா? பிள்ளையைத் தனியாகப் பார்ப்பாரா? இரண்டாவது கேள்விக்கு "பார்க்கலாம், முயற்சி பண்ணலாம்" என்று பதில் வந்தால் அங்கேயே நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். போனை எடுப்பது வரவேற்பில் இருக்கும் பெண்ணாக இருந்து, டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால் அது நல்ல அறிகுறி.

காசு ஒரு தடவையோடு நிற்காது. ஆலோசனை என்பது வாரம் ஒரு முறை, பல வாரம். ஐநூறோ ஆயிரமோ, பஸ் காசு, ஒரு நாள் கூலி, எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மூன்றாவது வாரம் காசில்லாமல் நிற்பதைவிட ஜி.எச்.சில் தொடங்குவது மேல்.

நடுவில் இன்னொன்று இருக்கிறது: பெங்களூரு நிமான்ஸ். அது இருப்பதே ஓசூர் ரோட்டில்தான். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு உண்டு. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியாரைப் போல இருக்காது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு நாள் வேலை. பென்னாகரத்திலிருந்து என்றால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அங்கே உங்களைத் தெரிந்தவர் யாரும் வரிசையில் நிற்க மாட்டார் என்பது பெரிய லாபம். மொழிக் கவலை வேண்டாம், அந்த ஊரில் தமிழுக்குப் பஞ்சமில்லை.

## சமூகக் குழுக்கள்

பால்புதுமையினருக்கான குழுக்கள் இவை. சென்னையில் சகோதரன் 1998-லிருந்தும் ஓரினம் 2003-லிருந்தும் இயங்குகின்றன. பெங்களூரில் சங்கமா 1999-லிருந்து. ஓரினத்தின் இணையதளத்தில் தமிழிலேயே படிக்க நிறைய இருக்கிறது, பெற்றோர் எழுதியவையும் உண்டு. யாரிடமும் வாய் திறக்காமல் படிக்கலாம், படித்ததும் மூடிவிடலாம். என் அம்மாவுக்கு நான் விளக்கியதைவிட, தன்னைப் போல இன்னொரு அம்மா சொன்னதுதான் ஏறியது.

சந்திப்புகள் பெரும்பாலும் 18 முடிந்தவர்களுக்கானவை. அது உங்கள் பாதுகாப்புக்குத்தான், கோபப்படாதீர்கள். அந்த வயதுக்கு முன்னால் ஆள் தேடும் ஆப்களில் வயதைக் கூட்டிப் போட்டு நுழைவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தப்பு. பைபாஸ் ஓரம் வரச் சொல்லி, படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று காசு பறிக்கும் கூட்டம் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் நிற்காது. செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்ல ஒரு பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## வீட்டில் சொல்வது

வீடு ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்பதை இந்தத் துறையில் வேலை செய்கிற எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அதனால்தான் பலர் அவசரப்பட்டு முதலில் வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இதை நான் கடைசிக்கு முன்னால் வைக்கிறேன்.

அப்பா அம்மா மோசமானவர்கள் என்பதால் இல்லை. முதல் மூன்று மாதம் அவர்கள் அவர்களாக இருக்க மாட்டார்கள். போனைப் பிடுங்குவார்கள். பையனை மாமா வீட்டுக்கு அனுப்புவார்கள், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் இள வயதுக் கல்யாணம் பழைய கதை ஆகிவிடவில்லை. 18 முடியாத பெண்ணுக்கு நிச்சயம் என்றால் 1098-க்கும் மாவட்ட சமூக நல அலுவலருக்கும் சொன்னால் நிறுத்துவார்கள்.

சொல்வதற்கு முன் மூன்று இருக்கிறதா என்று பாருங்கள்: உங்கள் பக்கம் நிற்கும் ஒரு பெரியவர், ஒரு வாரம் தங்க ஒரு இடம், படிப்பை நிறுத்தவிடாத ஒரு ஏற்பாடு. மூன்றும் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். தள்ளிப்போடுவது பொய் சொல்வது ஆகாது. முதலில் அக்கா, அப்புறம் அம்மா, அவருக்குக் கொஞ்சம் பழகிய பிறகு அப்பா என்று படிப்படியாகப் போனவர்கள்தான் எனக்குத் தெரிந்து சேதமில்லாமல் வந்தவர்கள்.

விஷயம் வெடித்துவிட்ட வீடுகளில் மூத்தவர்கள் செய்ய வேண்டிய ஒரு காரியம்: திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே எடுத்துப் பூட்டி, சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்து எண்ணம் பல சமயம் ஒரு ராத்திரியில் கடந்துபோய்விடும். அந்த ராத்திரியில் கைக்கு எட்டாமல் இருப்பது பாதி மருத்துவம். பிள்ளையைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் கை வைத்தியம் பார்க்காமல் 108.

## ஊரை விட்டுப் போவது

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர் சொச்சம்தான். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம். பேக்கரி, கட்டட வேலை, ஓசூர் கம்பெனி என்று நம் ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாகப் போகிற பாதை. ஆசை வருவதில் தப்பில்லை.

18-க்குக் கீழ் போனால், வீட்டில் காணவில்லை என்று புகார் கொடுப்பார்கள். போலீஸ் தேடும், கண்டுபிடித்தால் குழந்தைகள் நலக் குழு அல்லது வீடு. அடைக்கலம் கொடுத்தவர் மேல் கடத்தல் வழக்கு வரும். கையில் சான்றிதழ் இல்லாதவனுக்குக் கிடைப்பது கூலி குறைந்த, தங்குமிடம் முதலாளியின் கையில் இருக்கும் வேலை. அங்கேதான் பிள்ளைகள் சீரழிக்கப்படுகிறார்கள்.

18 முடிந்துவிட்டால் கதை வேறு. வயது வந்தவர் தன் விருப்பப்படி போயிருக்கிறார் என்றால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது 2021 உத்தரவு. பால்புதுமையினரைத் தொல்லை செய்யக் கூடாது என்று போலீசாரின் நடத்தை விதிகளிலேயே 2022-ல் சேர்த்தார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், பெற்றோர் அடைத்து வைத்த 25 வயதுப் பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டது. தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொன்னது அந்தத் தீர்ப்பு.

ஓடிப்போவதற்கும் போவதற்கும் நடுவில் நம் ஊர் ஒத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது: காலேஜ் ஹாஸ்டல். மேளம் அடிக்காத குறையாக வழியனுப்பி வைப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரும். ஏ.டி.எம். கார்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

## கயிறும் கல்யாணமும்

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனால் வீடுகளில் முதலில் நடப்பது இதுதான். கயிறு கட்டுவது, குறி கேட்பது இவற்றால் பெரிய கேடில்லை, அம்மாவுக்கு நிம்மதி என்றால் கட்டிக்கொள்ளலாம். பட்டினி போடுவது, வேப்பிலையால் அடிப்பது என்று போனால் அது வதை, 1098. கல்யாணம் எந்த நிலைமையிலும் பொருந்தாது. உள்ளே வருகிற இன்னொரு பெண்ணுக்கோ பையனுக்கோ இதில் என்ன பங்கு இருக்கிறது?

## மூவருக்கும் நான் சொன்னது

ஆசிரியரிடம்: நிச்சயம் நடக்கும் முன் 1098, இன்றைக்கே. பேச்சு கிளம்பியதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை வேண்டாம். படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பது மட்டும் போதும், அதுவே முழுக் காரணம். இன்னொரு மாணவியையும் கவனியுங்கள். அவள் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள், அதனாலேயே அவளை யாரும் பார்ப்பதில்லை.

பையனிடம்: பிறந்த நாள் எப்போது என்று கேட்டேன். மார்ச்சில் 18 முடிகிறது, அதே மாதம் ப்ளஸ் டூ பரீட்சை. அது வரைக்கும் 14416. பெங்களூரில் என்னென்ன படிப்பு இருக்கிறது என்று பட்டியல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் போடவில்லை.

பாலக்கோட்டு அக்காவிடம்: அன்றைக்கு ராத்திரியே பூச்சிமருந்தைப் பூட்டச் சொன்னேன். அடுத்த நாள் 14416, அந்த வாரமே ஜி.எச். போய்விட்டு வந்து போன் செய்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரராம், அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இருபது நிமிஷம் பேசினாராம். என்ன பேசினார்கள் என்று அக்காவுக்குத் தெரியாது. பஸ்ஸில் தம்பி ஒன்றும் சொல்லவில்லையாம். காரிமங்கலம் தாண்டும்போது, "அடுத்த தடவை எந்தக் கிழமைன்னு சீட்டுல போட்டிருக்காங்களா பாருக்கா" என்று மட்டும் கேட்டானாம்.